சிங்காநல்லூர் கடையின் கடைசி பில்

ஜூன் 3, திங்கள்

அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறார். பெயர் ஷாஹிதா. குனியமுத்தூர்க்காரர். முப்பத்தைந்து வயது இருக்கலாம். முதலாளி கிருபாகரன் தானே அழைத்து வந்து அறிமுகம் செய்தார்.

"இனிமே நம்ம இருபத்தி மூணு கடையோட விற்பனையும் ஒரே ஸ்கிரீன்ல பாக்கப் போறோம். அதைப் பண்ணித் தரப்போறது இவங்கதான்."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

எனக்கு இதில் எந்த வருத்தமும் இல்லை. செங்கதிர் பேக்கரியில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். எந்தக் கடையில் எவ்வளவு விற்றது, எவ்வளவு திரும்பி வந்தது என்று யார் கேட்டாலும் இங்கே ஒரே பதில்தான்: "சென்னியப்பனைக் கேளுங்க." இவருடைய அப்பா, பெரிய முதலாளி காலத்திலிருந்தே அப்படி. மூன்று வருடம் முன்பு பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனி வந்து இதே மாதிரி ஒரு ஸ்கிரீன் போட்டது. பார்க்கிற பக்கமெல்லாம் கிராஃப். இரண்டு வாரம் ஆர்வமாகப் பார்த்தார்கள். மூன்றாவது வாரம் முதலாளி கண்ணைத் தேய்த்துக்கொண்டு, "சென்னியண்ணா, நீங்களே சொல்லிருங்க" என்றார். அதோடு அது முடிந்தது. நான் எதுவும் செய்யவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

ஷாஹிதாவுக்கு முதலாளி அறையை ஒட்டி மேஜை போட்டிருக்கிறார்கள். அதற்காக என் பீரோவைக் கொஞ்சம் நகர்த்தினார்கள். கொஞ்சம்தான்.

வரும் வழியில் மோட்டார் சுவிட்ச் வாங்கினேன். வீட்டில் பிரெட் உப்புமா.

ஜூன் 5, புதன்

சுவிட்ச் மாற்றியாயிற்று. ஷாஹிதா மூன்று கேள்வி கேட்டார். இரண்டுக்குப் பதில் சொன்னேன்.

ஜூன் 10, திங்கள்

வாராந்திரக் கூட்டம். எல்லோர் கையிலும் நான் போடும் வாரக் கணக்குத் தாள். ரிட்டன், அதாவது விற்காமல் திரும்பி வரும் சரக்கு, அதிகமான ஐந்து கடைகள் சிவப்பில் இருக்கும். முதலாளி அந்த மேனேஜர்களைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போடுவார். இன்று பீளமேடு மாட்டியது.

"மழைங்க சார். காலேஜும் லீவுங்க."

"ஆர்டர் போட்டது நீங்கதானே? மழை வரும்னு தெரியாதா?"

எங்கள் அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். இப்படிக் கேட்டால்தான் பயம் இருக்கும். பயம் இருந்தால்தான் ரிட்டன் குறையும். பெரிய முதலாளியிடம் இந்தத் தாள் யோசனையைச் சொன்னதே நான்தான்.

சிங்காநல்லூர் எப்போதும்போல் பச்சையில், முதலிடத்தில். அந்தக் கடையின் மேனேஜர் என் மனைவி செல்வநாயகி. எட்டு வருடமாக மேனேஜராக இருக்கிறாள். ஒரு வாரம்கூடச் சிவப்பில் வந்ததில்லை. இதை நான் கூட்டத்தில் சொல்லிக்கொள்வதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

கூட்டம் முடிந்ததும் ஷாஹிதா என்னிடம் வந்தார். "சார், சிவப்புல வந்த கடை அடுத்த வாரம் என்ன பண்ணுவாங்க?"

"ரிட்டனைக் குறைப்பாங்க."

"எப்படிக் குறைப்பாங்க சார்?"

"கவனமா இருப்பாங்க."

அவர் அதைக் குறித்துக்கொண்டார். இதில் குறித்துக்கொள்ள என்ன இருக்கிறது?

ஜூன் 13, வியாழன்

முட்டை பஃப்ஸுக்கு மட்டும் எங்கள் கடைகளில் ஆறு பெயர். ஒருவர் எக் பஃப் என்று போடுவார், ஒருவர் மு.பஃப்ஸ், ஒருவர் வெறும் 'பஃப்ஸ் இரண்டு' என்று எண் போட்டு. கேக்கைச் சில கடைகள் கிலோவில் போடும், சில கடைகள் கிராமில், சில கடைகள் எண்ணிக்கையில். எது எதுவென்று ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். அதை நான் இதுவரை யாருக்கும் காட்ட வேண்டி வந்ததில்லை.

ஷாஹிதா கேட்ட விற்பனைக் கோப்புகள் எல்லாவற்றையும் இன்று கொடுத்துவிட்டேன். பெயர்க் கோப்பைக் கொடுக்கவில்லை. அவர் கேட்கவில்லை.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத். ஷாஹிதா விடுமுறை. கூட்டம் நல்லபடியாக நடந்தது. முதலாளி என்னிடம் மட்டும் பதினோரு கேள்வி கேட்டார்.

வீட்டுக்கு வந்தால் மேஜைமேல் ஒரு தூக்குப்பாத்திரம். பிரியாணி. ஷாஹிதா தன் தம்பியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார், சிங்காநல்லூர் கடைக்கு, நாயகிக்கு. இருவருக்கும் எப்போது பழக்கம்?

"போன வாரம் கடைக்கு வந்துச்சுங்க அந்தப் புள்ள. சொல்லலையா உங்ககிட்ட?" என்றாள் நாயகி.

பிரியாணி நன்றாகத்தான் இருந்தது. உப்பு ஒரு மாற்றுக் குறைவு.

ஜூன் 20, வியாழன்

ஷாஹிதா காலையில் சரக்கு வண்டியில் ஏறி, டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கடை கடையாகப் போகிறாராம். இன்று சிங்காநல்லூரில் கூட்டமாக இருந்ததால் துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு கவுன்ட்டரில் நின்று பன் எடுத்துக் கொடுத்தாராம். நாயகி சாப்பாடு போடும்போது இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"எல்லாருகிட்டயும் ஒரே கேள்விதாங்க கேக்குது. 'காலைல கடை தொறக்கும்போது எந்த ஒரு விசயம் தெரிஞ்சா உங்களுக்கு நிம்மதி?'ன்னு."

"நீ என்ன சொன்னே?"

"நாளைக்கு எத்தனை பஃப்ஸ் போவும்னு தெரிஞ்சாப் போதும்னேன்."

அதை என்னிடம் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். ஒரு முறைகூட அவள் கேட்டதில்லை.

பிரெட் அல்வா செய்திருந்தாள்.

ஜூன் 26, புதன்

மாலை நாயகி போனில் அரை மணி நேரம் பேசினாள். சிரிப்புச் சத்தம். யார் என்று கேட்டேன். ஷாஹிதா. என்ன பேச்சு என்று கேட்டேன். "சும்மாதாங்க" என்றாள்.

என்னிடம் அவள் கடைசியாக அரை மணி நேரம் எப்போது பேசினாள் என்று யோசித்துப் பார்த்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஜூலை 1, திங்கள்

முதல் சோதனை. சிங்காநல்லூர், பீளமேடு, போத்தனூர் என்று மூன்று கடைகளை மட்டும் ஸ்கிரீனில் காட்டினார் ஷாஹிதா. கிராஃப் எதுவும் இல்லை. ஒரு கடைக்கு மூன்றே எண்கள்: என்ன வந்தது, என்ன விற்றது, நாளைக்கு எவ்வளவு போடலாம்.

போத்தனூர் ஒரே நாளில் நாலாயிரம் கேக் விற்றதாகக் காட்டியது.

டேனியல் மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். எல்லாக் கடைக்கும் சரக்கு போடும் குறிச்சி அடுமனையின் தலைமை மாஸ்டர் அவர்தான். "நாலாயிரமா? என் அடுப்பே அவ்வளவு தாங்காதும்மா!"

ஷாஹிதாவின் முகம் சிவந்துவிட்டது. முதலாளி என் பக்கம் திரும்பினார். "அண்ணா, உங்க தாள் இருக்கா?" இருந்தது. எப்போதும் ஒன்று வைத்திருப்பேன். "நல்லவேளை, நீங்க இருக்கீங்க" என்றார்.

மதியம் அன்னபூர்ணா பக்கம் போய் நெய் ரோஸ்ட் சாப்பிட்டேன். இன்று நல்ல தூக்கம் வரும்.

ஜூலை 2, செவ்வாய்

ஷாஹிதா என் மேஜைக்கு வந்தார். நான் வேலையாக இருந்தேன். நின்றுகொண்டே இருந்தார்.

"சார், போத்தனூர்ல கேக்கைக் கிராம்ல போட்டிருக்காங்க. எந்தக் கடை எப்படிப் போடுதுன்னு உங்களுக்குத் தெரியும்."

"பாத்துச் சொல்றேன்."

"நேத்து முதலாளி ஏன் தப்பாச்சுன்னு கேட்டாரு. என் தப்புன்னு சொல்லிட்டேன். வேற எதுவும் சொல்லல."

எதற்காக என்னிடம் இதைச் சொல்ல வேண்டும்? அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால்கூட இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

ஜூலை 8, திங்கள்

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கூட்டத்துக்கு முன்பு கண்ணாடி அறையில் ஷாஹிதாவும் முதலாளியும் நெடுநேரம் பேசினார்கள். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. நான் பீரோவில் ஒரு கோப்பு தேடிக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு விசயம் நீங்க செய்யணும் சார். நான் செய்ய முடியாது" என்றார் அவர். "ஒண்ணு, நீங்களே தினமும் பாக்கணும். நீங்க தாளைக் கேட்டா எல்லாரும் தாளைத்தான் பாப்பாங்க. பெங்களூர்க்காரங்க போட்டது கெட்ட சாஃப்ட்வேர் இல்ல சார். நீங்க பாக்கல, அதனால யாரும் பாக்கல."

முதலாளியிடம் இப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். "ரெண்டாவது?" என்றார்.

"மூணு மாசத்துக்கு ரிட்டன் எவ்வளவு வந்தாலும் எந்தக் கடையையும் ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. ஸ்பீக்கர் வேண்டாம். சிவப்பு வேண்டாம்."

"கேக்கலைன்னா ரிட்டன் ஏறிடுமே."

"ஏறட்டும் சார். ஏறுனாத்தான் நமக்கு உண்மை தெரியும்."

பத்து மணிக்குக் கூட்டம். நான் தாளை நீட்டினேன். முதலாளி வாங்கவில்லை. "வேண்டாம்ணா, இன்னிலேர்ந்து இதுலயே பாப்போம்" என்று தன் போனைக் காட்டினார். இருபத்து மூன்று கடையும் இப்போது அதில் இருக்கிறது; மூன்று மாதம் ரிட்டன் பற்றிக் கேட்க மாட்டேன் என்று எல்லாக் கடைக்கும் செய்தியும் அனுப்பினார். நீட்டிய கையை நான் மடக்கி வைத்துக்கொண்டேன். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஜூலை 11, வியாழன்

துணி துவைக்கும் சோப்பு, நாயகியின் செருப்பு தைக்க, கேஸ் புக் பண்ண. மூன்றும் ஆயிற்று. தாளைத் தயாரித்தேன். யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் தயாரித்தேன்.

ஜூலை 22, திங்கள்

ஏறிவிட்டது!

ரிட்டன் இரு மடங்கு. என் தாளில் எப்போதும் ஏழு சதவீதத்தைத் தாண்டாதது ஸ்கிரீனில் பதினாலு. கடைக் கணக்கு இப்போது நேராக ஸ்கிரீனுக்கே போகிறது; என் தாளுக்கு எதுவும் வருவதில்லை. எல்லாக் கடையிலும் ஏற்றம். டேனியல் மாஸ்டர், "கேள்வி கேக்க ஆளில்லன்னா இப்படித்தான்" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒரு விஷயம்தான் உறுத்துகிறது. சிங்காநல்லூரும் ஏறியிருக்கிறது. முதலிடத்திலிருந்து பதினெட்டாவது இடத்துக்கு. அங்கேதான் ஷாஹிதாவின் ஸ்கிரீன் தப்பு என்பது வெட்டவெளிச்சம். நாயகி அப்படி ஆர்டர் போடுகிறவள் இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "உன் கடையைப் பதினெட்டாவதுன்னு காட்டுது அந்தப் பொண்ணோட ஸ்கிரீன்."

"அப்படிங்களா" என்றாள். தோசையைத் திருப்பிப் போட்டாள். கோபப்படவே இல்லை.

இப்போதெல்லாம் தினம் தோசை, இட்லி. பிரெட் கண்ணிலேயே படுவதில்லை.

ஜூலை 25, வியாழன்

முதலாளி என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"இத்தனை வருசம் உங்க தாள்ல ஏழு. இதுல பதினாலு. எது சரிண்ணா? கடை ஆளுங்க தைரியத்துல அலட்சியமா இருக்காங்களா, இல்ல இந்த ஸ்கிரீனே தப்பா? திங்கட்கிழமை சொல்லுங்க. தப்புன்னா நிறுத்திடலாம்."

நிறுத்திடலாம். அவர் வாயால் சொன்னது.

மதியம் ஷாஹிதா வந்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. மடிக்கணினியை என் மேஜைமேல் வைத்தார்.

"ஒண்ணு காட்டட்டுமா சார்? இது சிங்காநல்லூர். போன மாசமும் இந்த மாசமும். ஒவ்வொரு நாளும் கடை மூடறதுக்கு முன்னாடி போட்ட கடைசி பில்."

பார்த்தேன். பிரெட் நாலு, பன் பத்து, பஃப்ஸ் ஒன்பது. அடுத்த நாள் பிரெட் ஐந்து, பன் எட்டு. ஒரு நாள் விடாமல். ஜூலை இரண்டாவது வாரத்தோடு நின்றுவிட்டது. என் தாளுக்கு வந்தது நாள் மொத்தம் மட்டும்தான். தனித்தனி பில்லை நான் பார்த்ததில்லை.

"யாராவது ரெகுலர் கஸ்டமரா இருக்கும். ஹாஸ்டல்காரங்க" என்றேன்.

"இருக்கலாம் சார்." மடிக்கணினியை மூடினார். "இதை நான் முதலாளிகிட்ட காட்டல. வீட்டுல கேட்டுப் பாருங்க."

என் வீட்டில் என்ன கேட்க வேண்டும் என்று எனக்கு இவர் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜூலை 26, வெள்ளி

கேட்கவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

மாடியில் நாயகி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கிளிப் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தினம் கடைசியா வந்து அவ்வளவு பிரெட்டும் பன்னும் வாங்கறது யாரு, நாயகி?"

அவள் என் வேட்டியை உதறி விரித்தாள். "நாந்தாங்க."

"நீயா?"

"நானு, கவுன்ட்டர் புள்ளைக, டீ மாஸ்டரு, எல்லாருமாச் சேர்ந்து. மிச்சமாறதைத் திருப்பி அனுப்பாம நாங்களே வாங்கிக்குவோம். பீளமேட்டுலயும் அப்படித்தான். எல்லாக் கடைலயும் அப்படித்தான். வாங்க முடியாத வாரம் செவப்புல வருவாங்க."

"உன் சம்பளத்துலயா?"

"பின்ன யாரு சம்பளத்துல? நீங்க சாப்பிட்ட உப்புமா, அல்வா எல்லாம் என்னன்னு நெனைச்சீங்க?"

நான் எதையும் நினைத்திருக்கவில்லை. அவளுக்குப் பிரெட் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன்.

"எதுக்கு இப்படி?"

"மத்தவங்களுக்கு அந்த ஸ்பீக்கர்ல மானம் போயிரும்னு பயம். எனக்கு அதோட உங்க மானமும் சேர்ந்துக்குச்சுங்க. தாள் போடறவரோட பொண்டாட்டி கடை செவப்புல வந்தா உங்களைத்தானே சிரிப்பாங்க?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனுங்க. மேனேஜரான மொத வருசமே சொன்னேன். எங்களுக்கு வேண்டியதைவிட அதிகமா மாஸ்டர் அனுப்பறாரு, குறைச்சாத் திட்டறாருன்னு. 'எங்கிட்ட கதை சொல்லாதே, நம்பரைச் சொல்லு'ன்னீங்க. அதுக்கப்புறம் நம்பரைத்தான் சொன்னேன்."

அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அது நான் பேசுகிற மாதிரிதான் இருக்கிறது.

"ஷாஹிதாகிட்ட சொன்னியா?"

"ம்."

"எட்டு வருசமா எங்கிட்ட சொல்லாததை, எங்கிருந்தோ வந்த ஒருத்திகிட்ட..."

"அவ கேட்டாளுங்க" என்றாள். கிளிப் டப்பாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

எட்டு வருடம் என் தாளில் முதலிடத்தில் இருந்தது ஒரு பொய். அது வருத்தம்தான். ஆனால் உட்கார்ந்து யோசித்தால் மனசு அங்கே நிற்கவில்லை. கடையில் என் மனைவியும் அந்தப் பெண்ணும் உட்கார்ந்து இதைப் பேசியிருப்பார்கள் என்ற இடத்தில் போய்ப் போய் நிற்கிறது. அவள் அழுதிருப்பாளோ? என்னிடம் சொல்லும்போது அழவில்லை.

ஜூலை 29, திங்கள்

காலையில் நாயகியிடம் சொன்னேன், நீ எதுவும் பேச வேண்டாம், நான் முதலாளியிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லிக்கொள்கிறேன் என்று. "நீங்க பேசுனா உங்க தாளைக் காப்பாத்தத்தான் பேசுவீங்க" என்றாள். இருவரும் ஒரே வண்டியில்தான் போனோம்.

சோதனைக் கடைகள் மூன்றின் மேனேஜர்களையும் இன்று நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். நாயகி பின்வரிசையில். ஷாஹிதா ஸ்கிரீனுக்குப் பக்கத்தில், ஒரு நாள் சாப்பிடாதவர் மாதிரி.

முதலாளி கேட்டார். "சொல்லுங்கண்ணா. எது சரி?"

என் முன்னால் மூன்று வருடத்துத் தாள்கள் அடுக்கியிருந்தன. நேற்று வரை அவற்றை நம்பினேன். ஒரே ஒரு வார்த்தையில் அந்த ஸ்கிரீனை அணைத்துவிடலாம். உண்மை சொன்னால் நாயகியின் வேலைக்கு என்ன ஆகும் என்றும் பயம். இரண்டும் ஒன்றாகக் கலந்து வந்தது. எது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

"என் தாள் சரிதான் சார். கடையிலேர்ந்து வந்ததை அப்படியே போட்டிருக்கேன். ஒரு எண்கூட மாத்தல."

பொய் இல்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மை.

ஷாஹிதா தலை குனிந்துகொண்டார். முதலாளி போனைக் கவிழ்த்து வைத்தார். அப்போது பின்னாலிருந்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"சார், அவரு சொல்றது நெசந்தாங்க. அவருக்கு வந்ததை அவரு போட்டாரு. வந்ததே பொய்யிங்க."

நாயகி நின்றுகொண்டிருந்தாள். கையில் எதுவும் இல்லை. என்னிடம் மாடியில் சொன்னதை எல்லாம் சொன்னாள், உப்புமாவைத் தவிர. என் மானத்தைப் பற்றிச் சொன்ன வரியையும் சொல்லவில்லை. அதை அவள் விட்டுவிட்டதை நான் கவனித்தேன். சொல்லி முடிப்பதற்குள் பீளமேடு மேனேஜரும் எழுந்து நின்றுவிட்டார். "நாங்களும்தாங்க சார்."

முதலாளியின் முகம் எப்படியோ ஆகிவிட்டது. "அப்போ இத்தனை வருசமா என்னை எல்லாரும் சேர்ந்து..."

"சார்" என்றார் ஷாஹிதா. "மூணு மாசம் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்னு சொன்னீங்க."

முதலாளி எழுந்து வெளியே போய்விட்டார். நாயகி உட்காரவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தவர் முகம் கழுவியிருந்தார். உட்கார்ந்து போனை நிமிர்த்தினார். "டேனியல், நாளைக்கு சிங்காநல்லூருக்கு எத்தனை பஃப்ஸ்?"

"எப்பவும்போல நூத்தி இருபது சார்."

"அக்கா, உங்களுக்கு எத்தனை வேணும்?"

"எம்பது போதுங்க."

"எம்பது போட்டு நாலு மணிக்கே தீந்துட்டா யாரு பதில் சொல்றது?" என்றார் டேனியல்.

"மூணு மணிக்கே ஸ்கிரீன்ல தெரிஞ்சிரும் மாஸ்டர்" என்றார் ஷாஹிதா. "ரெண்டாவது வண்டியில அனுப்பிக்கலாம்."

"எம்பது போடுங்க" என்றார் முதலாளி.

அவ்வளவுதான். இந்தக் கம்பெனியில் இத்தனை வருடத்தில் ஒரு எண்ணைப் பார்த்த பிறகு திட்டாமல் ஒரு முடிவு எடுத்தது இதுதான் முதல் தடவை. போகும்போது என் தோளைத் தொட்டு, "உங்க தாள் தப்பில்லைண்ணா. நம்ம கேட்ட விதந்தான் தப்பு" என்றார். நம்ம என்றார். பெருந்தன்மைதான். பெருந்தன்மை எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

ஜூலை 30, செவ்வாய்

நாயகி பேசவில்லை. இட்லி.

ஆகஸ்ட் 1, வியாழன்

பெயர்க் கோப்பை ஷாஹிதாவிடம் கொடுத்தேன். நானாகத்தான் கொடுத்தேன்.

"ரொம்ப நன்றி சார். ஜூன்லயே ரெண்டு தடவை மெயில் போட்டிருந்தேன். வேலைல பாத்திருக்க மாட்டீங்க."

மெயில் நிறைய வருகிறது.

ஒவ்வொரு பெயராகக் கேட்டார். பஃப்ஸ் இரண்டு என்றால் ஏன் முட்டை, வடவள்ளி ஏன் கேக்கைப் பாதிக்கிலோவாகப் போடுகிறது. பதில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். மூன்று மணி நேரம் போனது தெரியவில்லை. நடுவில் அவர் டீ சொன்னார், குடிக்கவில்லை. நான் ஒருவர்தான் சொல்ல முடியும் என்று இருந்த விஷயங்கள் ஒவ்வொன்றாக அவருடைய திரையில் போய்ச் சேர்ந்தன. இனி அவற்றை என்னிடம் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம். நாயகி பேசினாள். "ஊறுகாய் வேணுமா?" என்றாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

இருபத்து மூன்று கடை மேனேஜர்களின் போனிலும் ஸ்கிரீன் வந்துவிட்டது. மேனேஜர்களுக்கு வகுப்பு. நான் பதினாறு பக்கத்தில் குறிப்பு தயாரித்து வைத்திருந்தேன். வகுப்பை எடுத்தது நாயகி.

ஷாஹிதாதான் அப்படி ஏற்பாடு செய்தார். "நான் சொன்னா கம்ப்யூட்டர் கிளாஸ்னு தூங்குவாங்க சார். அக்கா சொன்னா கடைப் பேச்சு" என்றார்.

கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். நாயகி போனைத் தூக்கிக் காட்டி ஏதோ சொன்னாள். இருபத்திரண்டு பேரும் சிரித்தார்கள். கை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாள். வீட்டில் இப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. பதினாறு பக்கமும் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

ஆகஸ்ட் 26, திங்கள்

ரிட்டன் பதினாலிலிருந்து ஒன்பதுக்கு வந்துவிட்டது. இது உண்மையான ஒன்பது. டேனியல் மாஸ்டரே காலையில் முதல் வேலையாக ஸ்கிரீனைப் பார்க்கிறார்.

ஷாஹிதாவின் ஒப்பந்தம் அடுத்த மாதத்தோடு முடிகிறது. கடைகளோடு பேசி இதைத் தொடர்ந்து நடத்த ஒருவர் வேண்டும் என்றார் முதலாளி. நான் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டேன்.

"செல்வநாயகி அக்காவைத் தலைமை அலுவலகத்துக்குக் கொண்டு வர்றோம்" என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். ஷாஹிதா எழுந்து நின்று தட்டினார். என் பீரோவை இன்னும் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருக்கும் என்று நிர்வாகத்தில் சொன்னார்கள்.

வழியில் நாயகிக்கு மல்லிகைப்பூ வாங்கினேன். கொடுக்கும்போது என்ன சொல்வது என்று தெரியவில்லை. "இந்தா" என்றேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

நாயகியின் அக்கா குடும்பம் வந்திருந்தது. பஃப்ஸ் வாங்கி வரச் சொன்னாள். சிங்காநல்லூர் கடைக்குப் போனேன். இத்தனை வருடத்தில் அங்கே நான் வாசலில் வண்டியை நிறுத்தி அவளை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். உள்ளே போய் நின்றதில்லை.

பஃப்ஸ் தட்டு காலி. "தீந்துருச்சுங்க சார். கொஞ்ச நேரத்துல வண்டி வந்துரும்" என்றாள் கவுன்ட்டர் பெண்.

"யாரு சொன்னா?"

"நம்ம நாயகி அக்கா காலைலயே போன்ல பாத்துப் போட்டுட்டாங்க. ஞாயித்துக்கெழம சாயந்திரம் எல்லா வீட்டுக்கும் ஒரம்பரை சனம் வருமில்லீங்க."

ஓரமாக நின்றேன். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். வண்டி வந்தது. பஃப்ஸ் சுடச்சுட இருந்தது.

உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு நாயகி தட்டுகளைக் கழுவினாள். நான் துடைத்தேன்.

"ரொம்ப நேரம் நின்னீங்களா?"

"நின்னேன். நாலு பேரு தேங்காய் பன் கேட்டாங்க. இல்லைன்னதும் அப்படியே எதிர்க்கடைக்குப் போயிட்டாங்க. உங்க ஸ்கிரீன்ல அது வராது. வித்தது வரும், திரும்பி வந்தது வரும். கேட்டுட்டுப் போனவன் வரமாட்டான்."

கொஞ்சம் அதிகமாகவே சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவள் குழாயை மூடினாள். ஈரக்கையோடு அப்படியே நின்றாள்.

"வராதுங்க" என்றாள் மெதுவாக. "எங்க யாருக்கும் தோணலையே. ஷாஹிதாவுக்குக்கூடத் தோணலை."

அந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்லச் சொல்லலாமா என்றிருந்தது.

"நாளைக்குக் கூட்டத்துல நீங்களே சொல்லுங்க. கேட்டுட்டுப் போறவங்களையும் எப்படிப் பதியறதுன்னு நம்ம மூணு பேரும் உக்காந்து பாப்போம்." அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பொறாமையில போய் நின்னாலும் சரியா எண்ணிட்டு வந்திருக்கீங்க."

பொறாமையெல்லாம் இல்லை என்றேன். அப்புறம் யோசித்துப் பார்த்து, நாலு பேர் இல்லை, ஐந்து பேர் என்று திருத்தினேன்.

கூட்டம் பத்து மணிக்கு. கொஞ்சம் முன்னாலேயே போய்விட வேண்டும். முன்வரிசையில் இப்போதெல்லாம் இடம் கிடைப்பதில்லை.